காதை அடைக்காத ஹெட்ஃபோன்: யாருக்கு, எந்தப் பாதைக்கு?

சிங்கப்பூரில் காலாங் ஆற்றை ஒட்டிய பூங்கா இணைப்புப் பாதையில் மாலை ஆறரை மணிக்கு மெதுவோட்டம் போகிறவருக்கு அது தனக்கு மட்டுமான பாதை அல்ல என்பது முதல் நூறு மீட்டரிலேயே புரிந்துவிடும். நாயோடு நடப்பவர், பிள்ளை வண்டி தள்ளுபவர், சாப்பாட்டுப் பையை முதுகில் சுமந்து பறக்கும் விநியோகிப்பாளர் என்று எல்லாருக்கும் பொதுவான தடம் அது. இப்படிப்பட்ட பகிர்வுப் பாதைகளில் சைக்கிளும் மின்ஸ்கூட்டரும் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகச் சட்டம் இடம் தருகிறது. மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறவருக்கு 20 மீட்டர் பின்னால் ஒரு சைக்கிள் அந்த உச்ச வேகத்தில் வந்தால், அது அவரைத் தொட நாலரை வினாடி போதும். மணிச் சத்தம் காதில் விழுந்து ஓரம் ஒதுங்க உள்ள மொத்த அவகாசம் அவ்வளவுதான்.

நடைபாதைகளில் நிலைமை சற்று மேல். 2019 நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. சைக்கிள் போகலாம், ஆனால் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே அமைந்த சில நடைபாதைகள் 2025 ஜூலை 1 முதல் நடப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டன. ஆனாலும் நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் தேடிப் போவது பகிர்வுப் பாதைகளைத்தான். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் கூட்டம். மெக்ரிட்சியில் குரங்கு. மலாயா ரயில்கள் 2011 ஜூன் 30 அன்று கடைசியாக ஓடிய தண்டவாளத்தடம் இப்போது உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டர் பசுமைப் பாதை. அங்கேயும் இதே கதை. போதாக்குறைக்கு, ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள்கள் தீவில் எங்காவது இடி இடிக்கும் ஊர் இது. திடலில் ஒலிக்கும் மின்னல் எச்சரிக்கையும் காதில் விழ வேண்டும்.

காதுத் துளையை ரப்பர் முனையால் அடைக்கும் இயர்பட் இங்கேதான் இடறுகிறது. வெளிச்சத்தத்தை மைக் வழியாக உள்ளே விடும் வசதி பல இயர்பட்களில் உண்டு. ஆனால் காற்றடித்தால் அது இரைகிறது, வியர்வை மைக்கில் இறங்கினால் மங்குகிறது, பேட்டரி தீர்ந்தால் காதில் மிஞ்சுவது வெறும் அடைப்பான். இன்னொரு தொல்லையும் உண்டு. துளையை அடைத்துக்கொண்டு ஓடினால் ஒவ்வோர் அடியும் தலைக்குள் 'தொம் தொம்' என்று அதிரும். உடலுக்குள் எழும் ஒலி வெளியேற வழியில்லாமல் காதுக்குள் சுற்றுவதால் வருவது அது. நம் ஊர் ஈரப்பதத்தில் அடைத்த துளை வியர்த்து ஊறுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிக்காதில் அழற்சி வந்து அவதிப்பட்டவர்கள் பிறகு எதையும் துளைக்குள் செருக யோசிப்பார்கள்.

அடைக்காத வகையில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கி வைப்பதால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

முதலாவது எலும்பு வழியாக ஒலியைக் கடத்துவது. காதுக்கு முன்னால் கன்ன எலும்பில் ஒரு சிறு பட்டை அழுந்தி அதிரும். அந்த அதிர்வு செவிப்பறையைத் தொடாமல் மண்டையோட்டு வழியே உள்காதின் நத்தை எலும்பைச் சேரும். பதிவு செய்த நம் குரலைக் கேட்கும்போது யாரோ பேசுவதுபோல் இருக்கிறதே, அதற்கும் இதுதான் காரணம்: பேசும்போது நம் குரலில் ஒரு பங்கு எலும்பு வழியாகவே நமக்கு வந்து சேர்கிறது. ஆஃப்டர்ஷாக்ஸ் என்ற பெயரில் அறிமுகமாகி 2021 இறுதியில் பெயரைச் சுருக்கிக்கொண்ட ஷாக்ஸ் இந்த வகையில் பேர்போனது. இரண்டாவது குடும்பம் சின்ன ஸ்பீக்கரைத் துளைக்கு வெளியே, சற்று மேலே நிறுத்திக் காற்று வழியே ஒலியை உள்ளே அனுப்புவது. காதுமடலின் பின்னால் கொக்கி மாட்டும் ஷாக்ஸ் ஓப்பன்ஃபிட், மடலின் விளிம்பைக் கவ்வும் போஸ் அல்ட்ரா ஓப்பன், ஹுவாவே ஃப்ரீகிளிப், நடுவில் ஓட்டை உள்ள சோனி லிங்க்பட்ஸ் எல்லாம் இந்தப் பக்கம்.

எலும்பு வழி ஒலிக்குப் பேச்சு அருமையாகப் பொருந்தும். ஒலி 96.8 வானொலி கேட்டபடி ஓடுகிறவருக்கு, பட்டிமன்றமோ செய்தியோ எதுவானாலும், ஒரு சொல் தப்பாது. இளையராஜாவின் பேஸ் கிட்டாரைத் தேடினால்தான் ஏமாற்றம். தாழ்ந்த சுரங்களை எலும்பு வழியே கடத்தப் பட்டை பலமாக அதிர வேண்டும். ஒலியை ஏற்ற ஏற்ற அது இசையாகக் கேட்காமல் கன்னத்தில் கூச்சமாகத்தான் தெரியும். குத்துப்பாட்டுக்கு ஓடுகிற பழக்கம் உள்ளவர்கள் இதைக் கடையிலேயே சோதித்துவிடுவது நல்லது. தயாரிப்பாளர்களுக்கும் இந்தக் குறை தெரியும். 2024இல் வந்த ஷாக்ஸ் ஓப்பன்ரன் புரோ 2 தாழ்ந்த ஒலிகளுக்கென்று காற்று வழி ஸ்பீக்கரையும் சேர்த்துக்கொண்டதே அதற்குச் சாட்சி. பாட்டுதான் முக்கியம் என்பவர் காற்று வழி வகைக்குப் போவது மேல். அதில் ஒலி வெளியே கசியும். கசிவைக் குறைக்க எதிர் அலையை அனுப்பி வெளிப்பக்க ஒலியை ஓரளவு அழிக்கிறார்கள். ஆனாலும் வீவக மின்தூக்கியில் பக்கத்தில் நிற்பவருக்கு நீங்கள் கேட்கும் பாட்டு எது என்று தெரிந்துவிடலாம்.

விளம்பரங்கள் பூசி மெழுகும் ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். செவிப்பறையைத் தொடாததால் எலும்பு வழி ஒலி காதுக்குத் தீங்கற்றது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. உரத்த ஒலியால் பழுதாவது பெரும்பாலும் உள்காதின் நுண்மயிர் அணுக்கள். ஒலி எந்த வழியாக வந்தாலும் கடைசியில் போய்ச் சேருவது அங்கேதான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒலி 90ஐத் தொட்டால் அதுவே வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். காதை அடைக்காத கருவியில் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், வெளிச்சத்தம் முழுவதும் உள்ளே வருவதால் அதோடு போட்டியிட நாமே ஒலியைக் கூட்டிவிடுவதில். ஜாலான் புசாரிலிருந்து சிராங்கூன் சாலை வழியாகப் பேருந்துகளுக்கு நடுவே ஓடும்போது கூட்டிய ஒலியை ஆற்றங்கரை வந்ததும் குறைக்க எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? போக்குவரத்து நெரிசலில் பாட்டே வேண்டாம், பூங்காப் பாதையில் கால் வைத்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பது என் கட்சி. கைப்பேசியிலேயே ஹெட்ஃபோன் ஒலியின் அளவைக் காட்டும் வசதி இருந்தால் வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

இனி வசதி. விலைப்பட்டியலைப் பார்க்க ஒதுக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்க வேண்டும் என்பேன். கண்ணாடி போடுகிறவரானால் அந்தக் கண்ணாடியோடுதான் கடைக்குப் போக வேண்டும். காதின் பின்புறம் உள்ள இடம் கொஞ்சம். அதில் கண்ணாடிக் காம்பும் ஹெட்ஃபோன் கொக்கியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அரை மணியில் வலி தொடங்கும். முதலில் எதை மாட்டுவது என்று இரண்டு விதமாகவும் மாற்றிப் பாருங்கள். தலைக்குப் பின்னால் பட்டை ஓடும் மாதிரிகளில் பட்டை பெரிதாக இருந்தால் சட்டைக் காலரிலும் கொண்டையிலும் இடித்து ஒவ்வோர் அடிக்கும் துள்ளும். சில மாதிரிகள் சின்ன அளவிலும் கிடைக்கின்றன. கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

மடலைக் கவ்வும் வகை கண்ணாடிக்காரர்களுக்கு வரம். காம்பு இருக்கும் இடத்துக்கே அது வருவதில்லை. ஆனால் தோடு, ஜிமிக்கி, மேல்காதில் குத்திய மூக்குத்தி அளவுக் கல் இவற்றோடு அது எப்படி ஒத்துப்போகும் என்று எந்த விமர்சனக் கட்டுரையும் எழுதுவதில்லை. சின்னத் தோடு பெரும்பாலும் இடைஞ்சல் செய்யாது. ஜிமிக்கி ஆடினால் ஸ்பீக்கர் உருண்டையில் தட்டி 'டிக் டிக்' என்று கேட்கும். மேல்விளிம்பில் வளையம் போட்டிருப்பவருக்குக் கவ்வும் இடத்தைக் கீழே தள்ள வேண்டிவரும், அப்போது ஒலி துளைக்கு நேராக விழாமல் போகும். தேங்காய் எண்ணெயோ வெயில் களிம்போ தடவிய தோலில் எலும்பு வழிப் பட்டை நழுவும், தொடுபொத்தான் முரண்டு பிடிக்கும். ஈர விரலுக்கு அமுக்கும் பொத்தானே மேல்.

உடற்பயிற்சிக்கூடத்துக்கு இதே கருவியைக் கொண்டுபோக நினைப்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. அங்கே ஏற்கெனவே ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி உங்கள் பாட்டு கேட்க வேண்டுமென்றால் ஒலியைக் கூட்டத்தான் வேண்டும். பலகையில் மல்லாந்து எடை தூக்கும்போது பின்பட்டை பலகையில் முட்டி ஹெட்ஃபோனையே முன்னால் தள்ளிவிடும். கூடத்துக்கு அடைக்கும் இயர்பட்டே நல்லது. எம்ஆர்டி பயணத்துக்கும் அப்படியே.

வியர்வை விஷயத்தில் பெட்டியின் பின்னால் உள்ள ஐபி எண்ணைப் பாருங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எக்ஸ் என்றிருந்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பெண் தரப்படவில்லை என்று பொருள். நான்கு என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐந்து என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரை, ஏழு என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்குவதை. ஓட்டத்துக்கு ஐந்து போதும். ஆனால் இந்தச் சோதனைகள் நல்ல தண்ணீரில் நடப்பவை. வியர்வை உப்புநீர். ஓடி முடித்த கையோடு துடைக்காமல் சார்ஜில் போட்டால் உலோக முனைகள் பச்சை பூத்து அரிக்கும். இரண்டே ஆண்டில் நின்றுபோன கருவிகள் பலவற்றின் கதை அதுதான்.

நீந்துகிறவர்களுக்கு வேறு கணக்கு. புளூடூத் அலை தண்ணீருக்குள் சில சென்டிமீட்டர்கூட உருப்படியாகப் போகாது. எனவே கருவிக்குள்ளேயே பாட்டைச் சேமிக்க இடம் வேண்டும். இதற்கு ஓர் உள்ளூர்ப் பொருளே இருக்கிறது. சைனாடவுன் பேர்ள்ஸ் சென்டரில் 1981இல் ஒரு கணினிக் கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ், 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையால் உலகமறிந்த நிறுவனம். அதை நிறுவிய சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு வந்த அவுட்லையர் ஃப்ரீ புரோ, எட்டு என்ற நீர்த்தகுதியோடும் 8 ஜிபி சேமிப்போடும் கிடைத்த எலும்பு வழி ஹெட்ஃபோன். அதன் எளிய தம்பி அவுட்லையர் ஃப்ரீயில் சேமிப்பு கிடையாது. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும்.

போட்டியில் ஓடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உலகத் தடகளச் சங்கத்தின் விதிப்படி பந்தயக் களத்தில் வீரர்கள் பாட்டுக் கேட்கும் கருவியோ வானொலியோ வைத்திருப்பது வெளியுதவியாகக் கருதப்படும். ஆயிரக்கணக்கானோர் பொழுதுபோக்காக ஓடும் நெடுந்தூர ஓட்டங்களில் இதை ஏற்பாட்டாளரே முடிவு செய்வார். பதிவுப் படிவத்தோடு வரும் விதிகளைப் படித்துவிடுவது நல்லது.

வாங்கும் இடம் முஸ்தஃபாவோ சிம் லிம் ஸ்குவேரோ, மாட்டிப் பார்க்க விடும் கடையாக இருக்கட்டும். மாட்டியதும் தலையை இருபக்கமும் ஆட்டி, நின்ற இடத்தில் பத்துப் பதினைந்து முறை குதியுங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். பத்து நிமிடமாவது கழற்றாமல் கடைக்குள்ளேயே உலாவினால்தான் அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரியும். சார்ஜ் செய்யும் கம்பி சாதாரண யூஎஸ்பி-சி தானா, அந்தக் கருவிக்கு மட்டுமே பொருந்தும் காந்தக் கம்பியா என்றும் கேளுங்கள். காந்தக் கம்பி தொலைந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்போ மாற்றுப் பொருளோ கேட்கலாம். நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கை மன்றம் எடுத்துக்கொள்ளும். ஆனால் காது வலிக்கிறது, பாட்டில் பேஸ் போதவில்லை என்பதெல்லாம் அந்தச் சட்டத்தின் கண்ணில் பழுது ஆகாது.