பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் விடுவோமா?

2015 மே மாதம் பிரான்சின் ஐக்கிய புரட்டஸ்தாந்து திருச்சபை, தெற்கே செத் நகரில் கூடி வாக்கெடுத்தது. நகரசபையில் திருமணப் பதிவு செய்த ஒருபாலினத் தம்பதியரைக் கோயிலில் ஆசீர்வதிக்கலாமா? ஆம் என்று 94 பேர், இல்லை என்று 3 பேர். ஆனால் கட்டாயம் கிடையாது. ஒவ்வொரு சபையும் போதகரும் தாங்களே முடிவெடுக்கலாம்.

என்னைப் போலக் கத்தோலிக்கராக இருக்கிற ஆக்களுக்கு வத்திக்கான் 2023 டிசம்பரில் ஒரு வழி திறந்தது: சுவாமியார் இப்படியான இணையரை ஆசீர்வதிக்கலாம், ஆனால் அது கல்யாணமும் இல்லை, வழிபாட்டுச் சடங்கும் இல்லை.

சார்செலில் எங்கட சுவாமியார் "வரட்டும்" என்கிறார். என்ர கவலை அவரில்லை, வாங்கில் இருக்கிற நாங்கள்தான்.

2013இலிருந்து பிரான்சில் இந்தத் திருமணம் சட்டப்படி செல்லும். எங்கட பிள்ளைகளுக்கு இது புதிசில்லை. அவையள் பிரசங்கத்தைவிட, பூசை முடிஞ்சு லா சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகேக்க நாங்கள் கதைக்கிறதைத்தான் கவனிக்கினம். ஒரு நக்கல் சிரிப்பு போதும், சொல்ல வந்ததைப் பிள்ளை விழுங்கிவிடும்.

அதனால் பிள்ளை கேட்க முதல் நாங்களே பங்கில் கேட்போம்: என்ர பிள்ளை தன்ர துணையோட வந்தால், பக்கத்தில இருக்க இடம் விடுவீங்களா?