தனக்குத் தானே பேசுவது ஏன்?

படவேட்டில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. வாழ்நாளெல்லாம் ஆரணிப் பட்டு நெய்தவர். இப்போது தறியில் உட்காருவதில்லை. ஆனாலும் புதுப் பாவு வந்தால் அதைப் பிணைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். தறியில் முடியப்போகும் பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்க்கும் வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று தவறினாலும் வரிசை குலைந்துவிடும். அந்த வேலை நடக்கும்போது அவர் வாய் ஓயாது. எண்ணிக்கை சொல்வார், அறுந்த இழையைத் திட்டுவார், "இரு, அவசரப்படாதே" என்று தமக்கே கட்டளை இடுவார். நடுநடுவே, காலஞ்சென்ற மனைவியிடமும் இரண்டு வார்த்தை பேசுவார்.

சென்ற ஆண்டு அவருடைய மகன் என்னிடம் வந்தார். "சார், அப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு தெருவுல பேசிக்கிறாங்க. இனிமே அவரை வேலைக்கு அனுப்ப வேண்டாம்னு பார்க்கிறோம். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். நான் பௌதிக ஆசிரியன், மருத்துவன் அல்லன். எனினும் அவர் வீட்டுத் திண்ணையில் கண்ட ஒரு காட்சி என்னைச் சிந்திக்க வைத்தது. பெரியவரின் நான்கு வயதுக் கொள்ளுப்பேத்தி காலித் தார்க்குச்சிகளை அடுக்கியபடி, "இது இங்க, இது விழுந்துடும், இதை எடுத்துடு" என்று தனியே பேசிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்து சிரித்தார்கள். அதே செயலைப் பெரியவர் செய்தால் பைத்தியம் என்கிறார்கள்! இது நியாயந்தானா என்று பார்ப்போம்.

குழந்தையின் தனிப்பேச்சை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் சுவிட்சர்லாந்து நாட்டு ழான் பியாஜே குறிப்பிடத்தக்கவர். ஜெனீவா நகரப் பள்ளி ஒன்றில் ஆறு வயதுச் சிறுவர் இருவர் பேசியதையெல்லாம் சொல் விடாமல் எழுதிவைத்துக் கணக்கிட்டார். அவர்கள் பேச்சில் ஏறக்குறையப் பாதி, பிறருக்கு எதையும் தெரிவிக்கும் நோக்கம் இல்லாதது! 1923இல் வெளியான தம் நூலில் இதற்குத் 'தன்மையப் பேச்சு' என்ற பொருளில் பெயரிட்டார். பிறர் நோக்கில் பார்க்கத் தெரியாத பருவத்தின் அடையாளம் இது. வயது ஏற ஏறப் பயனற்று உதிர்ந்துவிடும் என்பது அவர் கருத்து.

இதை மறுத்தவர் ரஷ்யாவின் லெவ் வைகாட்ஸ்கி. இருவரும் பிறந்தது ஒரே ஆண்டில், 1896இல். வைகாட்ஸ்கி காசநோயால் 37 வயதிலேயே, 1934இல், இறந்துவிட்டார். அவருடைய புகழ்பெற்ற நூல் அவர் மறைந்த பிறகு அதே ஆண்டில் வெளிவந்தது. அவர் செய்த சோதனை மிக எளியது. குழந்தையைப் படம் வரையச் சொல்வார். வேண்டிய வண்ணப் பென்சிலை மட்டும் வைக்காமல் விட்டுவிடுவார். இப்படி இடையூறு வந்தவுடன் குழந்தையின் தனிப்பேச்சு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. ஐந்தரை வயதுச் சிறுவன் ஒருவன் டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தபோது பென்சில் முனை முறிந்தது. அது உடைந்துவிட்டது என்று தனக்குத் தானே மெல்லச் சொல்லிக்கொண்டான். பென்சிலை வைத்துவிட்டு வண்ணக் குழம்பை எடுத்தான். அதன் பின் அவன் வரைந்தது விபத்தில் உடைந்துபோன டிராமை! வாயிலிருந்து வந்த சொல்லே படத்தின் போக்கை மாற்றிவிட்டது பாருங்கள்.

இன்னொரு சோதனையில், குழந்தையைக் காது கேளாத குழந்தைகளிடையே அல்லது வேற்று மொழிக் குழந்தைகளிடையே விட்டார். தனிப்பேச்சு வெகுவாகக் குறைந்தது. உரத்த ஒலியின் நடுவே விட்டபோதும் குறைந்தது. ஆக, குழந்தை தனக்குப் பேசினாலும் அருகில் கேட்பவர் உண்டு என்ற உணர்வு அதற்கு வேண்டியிருக்கிறது. முதலில் தாய், "மெல்ல, மெல்ல, அதைத் தொடாதே" என்கிறாள். பிறகு அதே சொற்களைக் குழந்தை தனக்கே சொல்லிக்கொள்கிறது. பள்ளி வயதில் அது முணுமுணுப்பாகத் தேய்ந்து, கடைசியில் ஒலியே இல்லாத 'அகப்பேச்சு' ஆகிறது. எனவே அது உதிர்வதில்லை. உள்ளே போகிறது என்றார் வைகாட்ஸ்கி. பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கின்றன.

இங்கு ஓர் ஒப்புதல். ஆய்வகத்தில் வெர்னியர் ஒன்றிப்பைப் பார்க்கும்போது முணுமுணுக்கும் மாணவர்களைப் பல ஆண்டுகள் நான் அதட்டியிருக்கிறேன். இப்போது அதட்டுவதில்லை.

உள்ளே போன பேச்சு உண்மையிலேயே பேச்சுத்தானா? எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர் 1930களின் தொடக்கத்தில், வாய் திறவாமல் மனத்துக்குள் எண்ணுபவர்களின் நாக்குத் தசைகளில் மின்வாய்களைப் பொருத்திப் பார்த்தார். நுட்பமான கால்வனாமீட்டர் அசைந்தது! அப்படியானால் சிந்தனை என்பதே தொண்டைத் தசைகளின் அசைவுதான் என்ற ஜான் வாட்சனின் கொள்கை மெய்யாகிவிடும் போலிருந்தது. அதை முடிவுகட்ட 1947இல் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருத்துவர், தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பில் தடவும் நஞ்சான குரேர் மருந்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். தசையெல்லாம் செயலிழந்தது, மூச்சைக்கூடச் செயற்கையாகவே தரவேண்டியிருந்தது. மருந்தின் வேகம் தணிந்த பின், அத்தனை நேரமும் தெளிவாகச் சிந்தித்ததாகவும் நடந்தவை அனைத்தும் நினைவிருப்பதாகவும் அவர் கூறினார். சிந்தனைக்குத் தசை கட்டாயமன்று என்பது தெளிவாயிற்று. ஆனால் பேச்சு சிந்தனைக்கு ஊன்றுகோல் ஆகலாம் அல்லவா?

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நண்பர் ஒருவரை ஏழு இலக்க எண் ஒன்றை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். காகிதத்தை மறைத்துப் பத்து விநாடி கழித்து அதைச் சொல்லுங்கள். பிறகு வேறோர் எண்ணைக் கொண்டு, பார்க்கும்போதும் காத்திருக்கும்போதும் "ராமா, ராமா" என்று இடைவிடாது உச்சரித்தபடி இதையே செய்யுங்கள். பெரும்பாலோர் தடுமாறுவர். உடனடி நினைவில் ஒலிகளைச் சுழற்றி வைத்திருக்கும் ஓர் அமைப்பு உண்டென்றும், ஏறத்தாழ இரண்டு விநாடிகளில் சொல்லி முடிக்கக்கூடிய அளவே அதில் தங்கும் என்றும் ஆலன் பாட்லி முதலிய ஆங்கில உளவியலார் 1970களில் காட்டினர். உங்கள் "ராமா" அந்த இடத்தை அடைத்துக்கொண்டது, அவ்வளவே. 2012இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பல படங்களுக்கிடையே ஒரு பொருளைத் தேடியவர்கள், நன்கு தெரிந்த பொருளாயின் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்லித் தேடியபோது விரைவில் கண்டுபிடித்தனர். சாவியைத் தேடும்போது "சாவி, சாவி" என்று புலம்பும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது.

இப்போது முதுமைக்கு வருவோம். வயதாகும்போது உடனடி நினைவும் கவனமும் சற்றுத் தளர்கின்றன. உள்ளே ஒலியின்றிச் செய்த வேலையை மீண்டும் வாய்விட்டுச் செய்தால் பிடி கிடைக்கிறது. மலையேறுகிறவர் கைத்தடியை எடுப்பதைப் போல. தனிமையும் ஒரு காரணமே. பேச ஆளில்லாத வீட்டில் பேச்சு எங்கே போகும்?

இறந்த துணையோடு பேசுவதோ? 1971இல் வேல்ஸ் நாட்டு மருத்துவர் டீவி ரீஸ், துணையை இழந்த 293 பேரைக் கண்டு விசாரித்து எழுதினார். ஏறக்குறையப் பாதிப்பேர் மறைந்தவரை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தனர். பத்தில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் அவரோடு பேசுவதாகவும் கூறினர். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அவர்களுக்கு அது ஆறுதலாகவே இருந்தது, நோயாக அன்று. நம் ரேணுகாம்பாள் சந்நிதியில் நின்று வாய்விட்டு முறையிடுபவரை நாம் பைத்தியம் என்போமா? காதில் கருவி மாட்டிக்கொண்டு தெருவில் தனியே பேசிச் செல்லும் இளைஞரையும் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எனக்குத் தெரிந்த பாடத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றி, மண்டை எலும்பு வழியாகவும் நம் உட்செவியை அடைகிறது. அதனால்தான் ஒலிப்பதிவில் நம் குரல் நமக்கே அந்நியமாகத் தோன்றுகிறது. முதுமையில் உட்செவியின் நுண்ணிய உணர் செல்கள் அழிகின்றன. எலும்பு வழி வரும் ஒலியையும் அவைதாம் உணரவேண்டும். ஆகவே தம் முணுமுணுப்பு தமக்கே கேட்பதில்லை. குரல் தானாக உயர்கிறது. இரைச்சலின் நடுவே நம்மையறியாமல் உரக்கப் பேசுவதை 1911இல் எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விளக்கினார். தறிச்சத்தத்தின் நடுவே ஐம்பது ஆண்டு பேசிப் பழகிய தொண்டைக்குச் சொல்லவும் வேண்டுமா? பெரியவர் முன்பைவிட அதிகம் பேசுகிறார் என்பதைவிட, அவர் பேசுவது நமக்கு இப்போது கேட்கிறது என்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றிற்று.

எல்லாத் தனிப்பேச்சும் இப்படிப்பட்டதன்று. பிறருக்குக் கேளாத குரல்களைக் கேட்டு அவற்றுக்கு அஞ்சிப் பதில் சொன்னாலும், நாள், இடம், உறவு மறந்து பேசினாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். நன்றாயிருந்த முதியவர் ஓரிரு நாளில் திடீரென உளறத் தொடங்கினால் தாமதம் கூடாது. சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் உப்புக் குறைதல், புதிதாகச் சாப்பிடும் மாத்திரை இவற்றில் ஒன்று காரணமாகலாம். இவை பெரும்பாலும் குணமாகக்கூடியவை. மந்திரிப்பவரிடம் அலைந்து நாளைக் கடத்துவதுதான் ஆபத்து.

பெரியவரின் மகனிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். அப்பா பிணைத்த பாவில் பிழை வருகிறதா? இல்லை என்றார். அம்மா இறந்துவிட்டது அவருக்குத் தெரியுமா? நன்றாகத் தெரியும், திதி நாளைக்கூட அவர்தான் நினைவூட்டுவார் என்றார். அப்படியானால் முதலில் காதைச் சோதித்துப் பாருங்கள் என்றேன். வேலூரில் சோதித்ததில் இரு காதும் மந்தம் என்று தெரிந்து கருவி பொருத்தினார்கள். அதை மாட்டிக்கொண்டு அடுத்த பாவைப் பிணைக்க உட்கார்ந்தவர், பத்து இழை எண்ணியதும் நிறுத்தி, மகனை நிமிர்ந்து பார்த்து, "ஏண்டா, இவ்ளோ சத்தமாவா நான் பேசிக்கிட்டு இருந்தேன்? சொல்லக்கூடாதா?" என்றாராம்.