குளித்த நீர் மீண்டும் உதவுமா?

குளியலறைத் தண்ணீரை வாழை மரத்தடிக்கு விடுவது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். அதே நீரை இன்று அடுக்குமாடி வீடுகளில் கழிப்பறைக்குத் திருப்பிவிட்டால் என்ன? செய்யலாம், ஆனால் சில அபாயங்களை அறிந்துகொண்டே செய்ய வேண்டும்.

குளித்த நீர், கை கழுவிய நீர், துணி துவைத்த நீர் ஆகியவற்றைச் 'சாம்பல் நீர்' என்பர். கழிப்பறை நீர் இதில் சேராது. அதனால் இது தூய்மையானது என்று எண்ணிவிடலாகாது. உடலைக் கழுவும்போது குடலில் வாழும் கிருமிகளும் அதில் கலக்கின்றன. கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீரில் அவை இன்னும் மிகுதி. சமையலறை நீரிலோ எண்ணெயும் சோற்றுப் பருக்கைகளும் சேர்ந்து விரைவில் அழுகும். ஆகவே பல இடங்களில் அதை இதனோடு சேர்ப்பதில்லை.

இந்நீரைத் தேக்கி வைப்பதுதான் பெருந்தவறு. ஒரு வாளியில் பிடித்து மூடி வையுங்கள். ஓரிரு நாளில் நாற்றம் மூக்கைத் துளைக்கும்! அழுக்கே உணவாகக் கிருமிகள் பெருகிவிடுகின்றன. சுத்திகரிக்காத நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. திறந்து வைத்தாலோ கொசுக்களுக்குக் கொண்டாட்டம். பாட்டியின் வாழைக்கு இந்தத் தொல்லையே இல்லை. நீர் உடனே மண்ணுக்குள் இறங்கிவிடும். பழமோ உயரத்தில், தோலுக்குள் பத்திரமாக இருக்கும். கீரைப் பாத்திக்கு இந்த நீரைத் தெளிப்பது வேறு கதை.

மாடிக் கட்டடங்களில் நான் மிகவும் அஞ்சுவது குழாய்களைத்தான். நெதர்லாந்தில், யூட்ரெக்ட் நகரின் லைட்சே ரைன் பகுதியில், வீடுதோறும் இரு குழாய்கள் அமைத்தனர். ஒன்றில் குடிநீர், மற்றதில் கழிப்பறைக்கும் துணி துவைக்கவும் ஓரளவே சுத்திகரித்த ஆற்றுநீர். (அது குளித்த நீர் அன்று, எனினும் ஆபத்து ஒன்றே.) 2001ஆம் ஆண்டின் இறுதியில் பராமரிப்பு வேலைக்காகப் போட்ட இணைப்பு ஒன்று அகற்றப்படாமல் போயிற்று. அந்த நீர் குடிநீரில் கலந்து, பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. 2003இல் அந்நாட்டு அரசு இத்தகைய பெரிய திட்டங்களையே கைவிட்டது.

ஆகவேதான் மறுபயன்பாட்டு நீருக்கு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஊதா நிறக் குழாய் பதிக்கின்றனர். சாம்பல் நீர்த் தொட்டி வற்றும்போது குடிநீர் சேர்க்க நேர்ந்தால், அக்குழாயின் வாய் நீர்மட்டத்தைத் தொடாமல் மேலேயே நிற்க வேண்டும். இல்லாவிடில் அழுத்தம் குறையும் வேளையில் அழுக்கு நீர் பின்னோக்கி உறிஞ்சப்படும். வீட்டில் யாருக்கேனும் வயிற்றுப்போக்கு என்றால், நலமாகும்வரை அவர் குளித்த நீரையும் அவர் துணி துவைத்த நீரையும் நேரே சாக்கடைக்கே விட்டுவிடுங்கள்.