பசலியும் பைசலும்

பட்டா மாறுதலுக்காக ஒலக்கூர்க்காரர் திண்டிவனம் தாலுகா ஆபீசுக்குப் போனால், அங்கே காதில் விழும் சொற்கள் பலவற்றின் வேர் அரபி. நவாப் காலத்துப் பாரசீகக் கணக்கு வழியாக வந்து, கும்பினியார் ஆட்சியிலும் நிலைத்தவை அவை.

அரபிச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. 'ஃப-ஸ-ல' என்றால் பிரித்தல். ஆண்டைப் பிரித்தால் பருவம், புத்தகத்தைப் பிரித்தால் அத்தியாயம், பள்ளியில் வகுப்பறை. மூன்றுக்கும் அரபியில் 'ஃபஸ்ல்'தான். அறுவடையை ஒட்டி அக்பர் காலத்தில் ஏற்பட்ட வருவாய் ஆண்டு 'பசலி' ஆனது. தமிழ்நாட்டில் அது ஜூலை 1-இல் பிறக்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434-ஆம் பசலி. கிராம அடங்கலும் பசலிக் கணக்கில்தான் எழுதப்படுகிறது. வழக்கை வெட்டிப் பிரித்து முடிப்பதும் இதே வேர்: 'பைசல்'. சவூதி மன்னர் ஃபைசலின் பெயரும் கடனைப் பைசல் பண்ணுவதும் பங்காளிகள் என்றால் கடன்காரர் நம்பமாட்டார்.

'ஹ-ஸ-ல' என்றால் கிடைத்தல், சேர்தல். வரியைச் சேர்ப்பவர் தாசில்தார், வயலில் சேர்வது மகசூல். உருதுவில் 'மஹ்சூல்' வரியையும் குறிக்கும். இங்கேயோ மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை எத்தனை என்பதுதான் பேச்சு. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் டி.எம்.வி. ரகங்களை வெளியிட்டதும் அந்த மகசூலுக்காகவே. இன்றைய அரபியில் 'தஹ்சீல்' மாணவரின் கல்வித் தேர்ச்சியையும் சுட்டுகிறது.

ஒலி ஒத்திருந்தாலும் 'வசூல்' இந்தக் குடும்பமல்ல. அதன் வேர் 'வ-ஸ-ல', வந்தடைதல். நமக்கு அது கைக்கு வந்து சேரும் பணம். துபாயில் விமானம் வந்து சேர்வதை அரபியில் சொல்வதும் அதே சொல்லால்தான்.