நஞ்சுக்குச் சூட்டிய நல்ல பெயர்கள்

கிஃப்ட் என்றால் நமக்குப் பரிசு. பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் பளபளக்கும் தாளில் சுற்றிக் கொடுப்பது. அதே எழுத்துகள் ஜெர்மனியில் ஒரு டப்பாவின் மேல் இருந்தால் அதைத் தொடாமல் விலகிப் போக வேண்டும். அங்கே அதற்கு நஞ்சு என்று பொருள். ஸ்வீடன், டென்மார்க், நார்வே மூன்று நாட்டிலும் நஞ்சோடு இன்னொரு பொருளும் உண்டு: மணமானவர். நெதர்லாந்துக்காரர்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக, கொடைக்கு முழுச் சொல்லையும் நஞ்சுக்குக் கடைசி எழுத்தை நறுக்கிய சொல்லையும் வைத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: கொடுப்பது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் மணப்பெண்ணுக்காகக் கொடுக்கப்பட்ட விலையைக் குறித்தது. பன்மையில் வந்தால் கல்யாணம். பரிசு என்ற இன்றைய பொருள் வைக்கிங்குகளின் மொழியோடு இங்கிலாந்தில் வந்து இறங்கியது. ஜெர்மனியில் சீதனத்துக்கு இன்றும் 'மிட்கிஃப்ட்' என்றுதான் பெயர், பெண்ணோடு கூடக் கொடுத்தனுப்புவது. வடக்கே, கட்டிக் கொடுக்கப்பட்டவள் என்ற பொருளில் கிளம்பிய சொல், இப்போது ஆண் பெண் இருவருக்கும் பொதுவாகிவிட்டது.

கொடுப்பது எப்படி நஞ்சானது? கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல். வைத்தியர்கள் அந்தச் சொல்லால் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் அளவைக் குறித்தார்கள். நாம் சொல்லும் 'டோஸ்' அதுவே. அது லத்தீன் வழியாக ஜெர்மனிக்குப் போனபோது, தங்கள் மொழியில் கொடுத்தலுக்கு இருந்த சொல்லை அதற்கு ஈடாக வைத்தார்கள். கொடுத்த மருந்து என்றிருந்தது, போகப்போகக் கொடுத்துக் கொல்வது என்றாயிற்று. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மாஸ் 1924-இல் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு சிறு கட்டுரை எழுதினார். விருந்தில் நீட்டப்படும் பானம் நல்லதா கெட்டதா என்று யாருக்கும் நிச்சயமில்லை, அந்த அச்சமே இரு பொருளுக்கும் காரணம் என்பது அவர் கட்சி.

எனக்கு வேறு மாதிரி படுகிறது. ஜெர்மானிய மொழிகளில் நஞ்சுக்கென்றே ஒரு பழஞ்சொல் இருந்தது. ஐஸ்லாந்தில் அது 'எய்துர்' என்று இன்றும் நஞ்சையே குறிக்கிறது. ஜெர்மனியில் அதே சொல் 'ஐட்டர்' ஆகி, புண்ணில் வடியும் சீழுக்குப் பெயராகச் சுருங்கிப்போனது. நேரான பெயரைச் சொல்லக் கூசி, 'கொடுத்தது' என்று மழுப்பியிருக்கிறார்கள்.

மழுப்பியவர்கள் அவர்கள் மட்டுமல்ல. ஆங்கிலத்துக்கு 'பாய்சன்' தந்த பிரெஞ்சுச் சொல், லத்தீனில் வெறுமனே 'பானம்'. ரோமானியர்களின் 'வெனேனும்' காதல் தெய்வம் வீனஸின் பெயரோடு உறவுள்ளது. ஆளை மயக்கக் கொடுத்த வசிய மருந்தாகத் தொடங்கியது அது. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அதன் வாரிசுகள் இன்று நஞ்சு. இந்தக் குழப்பம் ரோமானியச் சட்டத்தையே தொட்டது. இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயஸ், வெனேனும் என்று சொல்பவர் நல்லதா கெட்டதா என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்துகளும் வெனேனும்தான் என்று எழுதி வைத்தார். கிரேக்கர்களின் 'ஃபார்மகான்' சொல்லிலும் இதே சிக்கல் என்று அவரே சுட்டுகிறார். அது மருந்து, நஞ்சு இரண்டுக்கும் ஒரே பெயர். ஃபார்மசி அதிலிருந்து வந்தது.

அந்தச் சொல் இன்று கிரேக்க வயல்களில் புழங்குவதுதான் என் கவலை. பூச்சிக்கொல்லிக்கு அங்கே 'ஃபிதோஃபார்மகா', பயிர் மருந்து. இத்தாலியிலும் ஏறக்குறைய அதே பெயர் உண்டு. பிரான்சில் பயிர்நலப் பொருள், ஜெர்மனியில் பயிர்ப் பாதுகாப்புப் பொருள். இதை ஏற்காதவர்கள் ஜெர்மனியில் 'வயல் நஞ்சு' என்றும் டென்மார்க்கில் 'தெளிக்கும் நஞ்சு' என்றும் வேண்டுமென்றே சொல்கிறார்கள். இரண்டு பெயரிலும் அந்தப் பழைய கிஃப்ட் இருக்கிறது. அங்கே பெயரை வைத்தாவது ஒரு சண்டை நடக்கிறது.

நம் ஊரில் அந்தச் சண்டையே இல்லை. நாம் மருந்து அடிக்கிறோம். கத்தரிக்கு ஒரு மருந்து, நெல்லுக்கு ஒரு மருந்து. அடிப்பவர் வெறுங்காலோடு, முகத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு அடிக்கிறார், மருந்துதானே. மீதியைப் பரணில் வைக்கிறோம். யாரையாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போதுகூட, 'மருந்து குடிச்சிட்டார்' என்றுதான் சொல்கிறோம். காய்ச்சலுக்கு அம்மா கொடுப்பதும் மருந்து என்றால் ஐந்து வயதுக் குழந்தை எதை வைத்துப் பிரித்தறியும்?

பயிருக்கும் நோய் வரும், அதைத் தீர்ப்பது மருந்துதானே என்று விவசாயிகள் கேட்பார்கள். பயிரின் பக்கமிருந்து பார்த்தால் சரிதான். ஆனால் அந்தக் காற்றை மூச்சில் இழுப்பது பயிர் அல்ல, தெளிப்பவர்.

1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி ஒவ்வொரு டப்பாவிலும் வண்ணக் குறி அச்சிட்டாக வேண்டும். சிவப்பு கொடியது, பிறகு மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பச்சை என்றால் மற்றவற்றைவிடக் கடுமை குறைவு, அவ்வளவுதான். வண்ணத்தின் பொருளை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். பெயர் சரியாக இருந்தால் அது தானே சொல்லிவிடும். நாம் புதிதாகச் சொல் தேடவும் வேண்டாம். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்று பாடப்புத்தகத்திலேயே நேரான தமிழ் இருக்கிறது. உரக்கடை ரசீதிலும், வேளாண் அதிகாரி வயலில் நின்று பேசும் பேச்சிலும், நம் வீட்டுத் திண்ணையிலும் 'மருந்து' என்று வரும் இடத்தில் அந்தச் சொல் வரட்டும்.