மிதிக்கும் காலில் பாவம்

மேல்நாட்டில் ‘பியானோலா’ என்றொரு வாத்தியம் உண்டு. பார்வைக்குப் பியானோவேதான், ஆனால் அதை வாசிக்க விரல்கள் வேண்டியதில்லை, கால்களே போதும். 1895-இல் அமெரிக்காவில் எட்வின் வோட்டி என்பவர் உண்டாக்கியது. துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று பித்தளைச் சட்டத்தின்மேல் ஊர்ந்து செல்லும். பெடலை மிதிக்க மிதிக்கத் துருத்தி காற்றை உறிஞ்சும். எந்த ஸ்வரத்தின் துளை சட்டத்தின் வாய்க்கு வருகிறதோ, அந்த ஸ்வரத்துக்குரிய சுத்தி தந்தியைத் தட்டும். ஜக்கார்டு தறியில் பூவேலைக்கு அட்டை கோப்பதைப் பார்த்த நேயர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே விளங்கிவிடும்.

அப்படியானால் யார் மிதித்தாலும் ஒரே பாட்டுத்தானே என்று கேட்கலாம். அதுதான் இல்லை. சுருளில் இருப்பவை ஸ்வரங்களும் அவற்றின் கால அளவுமே. அழுத்தி மிதித்தால் நாதம் ஓங்கும், தளர்த்தினால் அடங்கும். ஒரு ஸ்வரம் வருவதற்குக் கணநேரம் முன்பு வெடுக்கென்று மிதித்தால், அந்த ஸ்வரம் தலை தூக்கி நிற்கும். காலப்பிரமாணத்தை இழுக்கவும் முடுக்கவும் கைக்கருகே ஒரு நெம்புகோல் உண்டு. தேர்ந்தவர் மிதித்தால் பீதோவனுடைய கிருதி உயிர் பெறும். மற்றவர் மிதித்தால் தையல் யந்திரம் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

1904-இல் ஜெர்மனியில் வெல்டே கம்பெனியார், வித்வான் வாசிக்கும் நயத்தையும் காகிதத்திலேயே பதிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அந்த யந்திரத்துக்கு மிதிப்பவர் தேவையில்லை, மின்சாரம் போதும். கால் பியானோலாவிலோ, மிதித்தவருடைய நயம் சுருளில் ஏறுவதே இல்லை. ஒலிப்பதிவு செய்தால் உண்டு. இல்லையேல் அன்றைக்கே காற்றோடு போயிற்று. அந்தப் பதிவிலும் பெடலின் தடதடப்பும் துருத்தியின் பெருமூச்சும் குறுக்கிடும். ஆகவே மைக்கைக் காலுக்கு எட்டத்தில், தந்திகளின் பக்கமாக வைப்பது நலம்.

இராஜபாளையத்தில் இருந்துகொண்டு பியானோலாவைப் பற்றி என்ன பேச்சு என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். காலால் மிதிக்கும் வாத்தியம் நம் பக்கத்திலும் உண்டு. அதுவே நாடக மேடையின் கால் ஆர்மோனியம். பாரிஸ் நகரத்தில் 1842-இல் பதிவான ஆர்மோனியம், சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமண’த்தில் நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் திருவிழா இரவுகளை அறிந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆர்மோனியத்தில் கமகம் வராது என்று வித்வான்கள் சொன்ன குற்றம் நியாயமானதே. கட்டைக்கும் கட்டைக்கும் இடையே வழுக்கிச் செல்ல அதில் வழி கிடையாது. அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கி வைத்தது; 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால், விரலால் செய்ய இயலாததில் ஒரு பகுதியை மேடைக்காரர்கள் காலால் ஈடுசெய்தார்கள். நீண்டு நிற்கும் ஸ்வரத்தின் நடுவில் காற்றைப் பெருக்கி, மறுபடி ஒடுக்கி, நடிகர் மூச்சு வாங்கும் இடத்தில் தாமும் மூச்சு வாங்கி வாசித்தார்கள். பள்ளியில் காற்றழுத்தம் பற்றிப் பாடம் சொல்லும்போது நமக்கு அகப்படும் உதாரணங்களில் இதைப்போல் இனிமையானது வேறில்லை!

நம் ஊர் வழியாகப் போகும் ரயில் செங்கோட்டையை அடைகிறது. அவ்வூரில் 1906-இல் பிறந்த கிட்டப்பா 1933-இல் மறைந்தார். அவர் குரல் இசைத்தட்டுகளில் நிலைத்தது. தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம். விடிய விடிய நடக்கும் நாடகத்தில் அது எம்மாத்திரம்! அவருக்கு ஆர்மோனியம் வாசித்த தமையனார் காசி அய்யரின் கால்கள் மேடையில் என்னென்ன செய்தன என்பதைத் தட்டு எப்படிச் சொல்லும்?

இப்போது பல மேடைகளில் எலெக்ட்ரானிக் கீபோர்டு வந்துவிட்டது. மிதித்து வாசிப்பவர்களுக்கு வயதாகி வருகிறது. பதிவு செய்ய இன்று பெரிய கம்பெனி வேண்டாம், கைபேசியே போதும். அடுத்த திருவிழாவில் ஒலிபெருக்கிக் குழாயின் எதிரே நில்லாமல், ஆர்மோனியத்தின் அருகில் அதை வையுங்கள். மறுநாள் பகலில் வாசித்தவரை அணுகி, ஒரே பாட்டைச் சீரான மிதியில் ஒரு தடவையும், மேடையில் வாசிப்பதுபோல் ஒரு தடவையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பியானோலாக்காரர்கள் மறைக்கப் பார்த்த பெடல் சத்தம் இதில் நன்றாகவே பதியட்டும். பின்னால் கற்க வருபவனுக்கு அந்தச் சத்தம்தானே பாடம்.