தபாலில் போகும் தங்க மணிக்கூடு
வளைகுடாவிலிருந்து பெறுமதியான கைக்கடிகாரம் அனுப்புவோரும் பெறுவோரும் அறிய வேண்டியவை

எமது குடும்பங்கள் இன்று ஒரே கூரையின் கீழ் இல்லை. மூத்தவர் டுபாயில், தங்கை ரொறன்ரோவில், தம்பி ஜேர்மனியில், அம்மா யாழ்ப்பாணத்தில் என்று நான்கு திசையிலும் சிதறி வாழ்கிறோம். கலியாணம், பிறந்தநாள், பிள்ளை பல்கலைக்கழகம் புகுந்த நாள் என்று எந்த நல்ல காரியம் வந்தாலும், நேரில் போக முடியாதவர் ஒரு பொருளை அனுப்பி மனதை ஆற்றிக்கொள்கிறார். டுபாயில் வேலை செய்பவர் அனுப்பும் பொருள் பெரும்பாலும் நகையாக இருக்கும், அல்லது நல்லதொரு கைக்கடிகாரமாக இருக்கும்.

கையடக்கமான பொருள், பாரமும் இல்லை, பெறுமதியோ பெரிது. அதனால் தபாலில் போட்டு விடலாம் என்று எம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் இதே காரணங்களுக்காகவே அது வழியில் காணாமற் போகவும் செய்கிறது. ஆறு மாதச் சம்பளத்தில் வாங்கிய மணிக்கூடு தொலைந்தால் கையில் என்ன கிடைக்கும் என்பதைப் பார்சலைக் கட்டுவதற்கு முன்பே கணக்குப் பார்ப்பது நல்லது.

தொலைந்தால் என்ன கிடைக்கும்?

உலக நாடுகளின் தபால் சேவைகளை இணைப்பது 1874-ல் உருவான உலகத் தபால் ஒன்றியம். அதன் தலைமையகம் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் இருக்கிறது. தங்கம், வெள்ளி, பிளாற்றினம், இரத்தினக் கற்கள், நகைகள், மற்றும் பெறுமதிமிக்க பொருட்களைக் காப்புறுதி செய்யாத கடிதத் தபாலில் வைக்கக்கூடாது என்பது அதன் விதி. ஆகவே தங்க மணிக்கூட்டைச் சாதாரண உறையில் போட்டவர், அது தொலையும் முன்பே விதியை மீறியவராகி விடுகிறார். பிறகு நட்டஈடு கேட்டுப் போனால் முதலில் அவர்மேல்தான் கேள்வி வரும்.

பதிவுத் தபால் பாதுகாப்பானது என்று எம்மவர் நம்புகிறோம். பதிவுத் தபாலில் பொருள் போன வழியைத் தேட முடியும் என்பது உண்மை. ஆனால் தொலைந்தால் கிடைக்கும் நட்டஈடு பொருளின் பெறுமதி அல்ல. பதிவுத் தபாலுக்கு அந்த ஒன்றியம் வைத்த அளவு 30 சிறப்பு எடுப்பனவு உரிமை, அதாவது ஏறத்தாழ 40 அமெரிக்க டொலர். (சிறப்பு எடுப்பனவு உரிமை என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு.) மணிக்கூடு 4,000 டொலர் என்றாலும் கிடைப்பது இந்த 40 டொலர்தான்.

விமானச் சரக்காக அனுப்பினாலோ நிலைமை இன்னும் மோசம். ஐக்கிய அரபு எமிரேட்ஸ், கனடா, ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா எல்லாம் ஏற்றுக்கொண்ட 1999-ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கைப்படி, சரக்குக்கு விமான நிறுவனத்தின் பொறுப்பு எடையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. 2024 டிசம்பர் 28 முதல் அது கிலோவுக்கு 26 சிறப்பு எடுப்பனவு உரிமை. பெட்டியும் பஞ்சும் சேர்த்து அரைக் கிலோ வரும் மணிக்கூட்டுப் பார்சலுக்கு 13 அலகுதான். அது 20 அமெரிக்க டொலருக்கும் குறைவு. அனுப்பும்போதே பெறுமதியைத் தனியாக அறிவித்து, அதற்குரிய கட்டணத்தையும் கட்டியிருந்தால் மட்டுமே இந்த எல்லை உயரும். கூரியர் நிறுவனங்களின் சீட்டில் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதும் பெரும்பாலும் இவ்வகை எல்லைதான். மணிக்கூடு, நகை போன்றவற்றுக்கு 1,000 டொலருக்கு மேல் பெறுமதி அறிவிக்க விடாத பெரிய நிறுவனங்களும் உண்டு. காசைக் கட்டுவதற்கு முன்பு அந்தப் பொடி எழுத்தை வாசியுங்கள்.

“விளையாட்டுச் சாமான், 20 திர்ஹம்”

பார்சலில் ஒட்டும் சுங்கப் பத்திரத்தில் உள்ளே இருக்கும் பொருளும் பெறுமதியும் எழுத வேண்டும். இங்கேதான் எம்மவர் பலர் தடுமாறுகிறார்கள். உண்மையை எழுதினால் கள்ளனுக்கு வழிகாட்டியது போலாகும், தீர்வையும் கூடும் என்று நினைத்து, “விளையாட்டுச் சாமான், 20 திர்ஹம்” என்று எழுதி விடுகிறார்கள்.

இதனால் வரும் நட்டம் இரண்டு. பார்சல் தொலைந்தால் 20 திர்ஹமுக்கு மேல் கேட்க வாய் இருக்காது, ஏனென்றால் அந்தப் பெறுமதியைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தவர் அனுப்பியவர்தான். தொலையாமல் சுங்கத்தில் திறக்கப்பட்டாலோ அது பொய்ப் பிரகடனம். பொருள் பறிபோகலாம், தண்டமும் வரலாம். அகதி விண்ணப்பமோ வதிவிட அனுமதியோ இன்னும் முடிவாகாத நிலையில் இருப்பவர்களுக்கு, ஒரு சுங்கக் குற்றம் எவ்வளவு பெரிய தலையிடி என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

உண்மைப் பெறுமதியை எழுதி, காப்புறுதி செய்து அனுப்புங்கள். அப்படி அனுப்ப முடியாத வழி என்றால் அந்த வழியால் அனுப்பாதீர்கள்.

பெறுபவர் கட்ட வேண்டியது

அன்பளிப்பென்றால் வரி இல்லை என்ற எண்ணமும் தவறு. தனியார் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ, பிரித்தானியாவில் 39 பவுண், சுவிற்சர்லாந்தில் 100 பிராங், கனடாவில் 60 கனடிய டொலர் வரைதான் சலுகை. நல்ல மணிக்கூடு எதுவும் இந்த எல்லைக்குள் அடங்காது. அண்ணன் ஆசையாய் அனுப்பிய பரிசுக்குத் தங்கை நூற்றுக்கணக்கில் வரி கட்டி எடுக்க நேரிடும். முன்கூட்டியே சொல்லி வைத்தால் மனத்தாங்கல் இல்லை.

மறுபக்கமும் இதே கதைதான். பழுதுபார்க்கவென்று மணிக்கூட்டை டுபாய்க் கடைக்குத் திருப்பி அனுப்புவோர் உண்டு. வளைகுடா நாடுகளின் சுங்க ஒன்றியம் 2003 முதல் 5 சதவீதப் பொதுத் தீர்வை அறவிடுகிறது. எமிரேட்சில் 2018 ஜனவரி முதல் 5 சதவீதப் பெறுமதிசேர் வரியும் உண்டு. 10,000 திர்ஹம் பொருளுக்கு முதலில் 500, பிறகு கூட்டுத்தொகைமேல் 525, ஆக 1,025 திர்ஹம். பழுதுபார்க்க வந்தது என்பதற்குச் சரியான பத்திரம் இல்லாவிட்டால், புதுப்பொருள் போல் இரு பக்கமும் வரி விழும்.

சுற்றுலாவாக டுபாய் போய் வாங்குவோருக்கு 2018 நவம்பர் முதல் அந்த வரியைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறது. ஆனால் பொருளை 90 நாட்களுக்குள் தாமே கையோடு கொண்டு வெளியேற வேண்டும். தபாலில் அனுப்பினால் அந்தப் பணமும் போய்விடும்.

தபால் பெட்டி யாருடையது?

டுபாயில் முதல் தபாற்கந்தோர் 1909-ல், இந்தியத் தபால் நிர்வாகத்தின் கீழ் திறக்கப்பட்டது. நூறு ஆண்டுக்கு மேலான அந்தச் சேவையில் எமது ஊர்போல் தபாற்காரர் வீடு வீடாகப் போகும் வழக்கம் வேரூன்றவில்லை. கடிதங்கள் தபால் பெட்டி எண்ணுக்கே வரும். தொழிலாளர் பலருக்குச் சொந்தப் பெட்டி கிடையாது. கம்பனியின் பெட்டி எண்தான் அவர்களது விலாசம்.

அந்தப் பெட்டியைத் திறப்பவர், எடுத்து வருபவர், மேசையில் வைப்பவர் எல்லாம் வேறு வேறு ஆட்கள். வேலை மாறினால் விலாசமும் போய்விடும். ஆகையால் டுபாய்க்கோ சவூதிக்கோ பெறுமதியான பொருள் அனுப்புவதானால் கம்பனிப் பெட்டிக்கு அனுப்பாதீர்கள். பெறுபவர் தன் அடையாள அட்டையைக் காட்டிக் கையொப்பமிட்டு எடுக்கும் சேவையைத் தேர்ந்தெடுங்கள். அவரது கைத்தொலைபேசி எண்ணைத் தெளிவாக எழுதுங்கள்.

போலி மணிக்கூடு

கடைத்தெருவில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பெயர்பெற்ற மணிக்கூட்டின் நகலை, “எனக்குத்தானே, விற்கவா போகிறேன்” என்று வாங்குவோர் இருக்கிறார்கள். டென்மார்க்கில் வசிக்கும் ஒருவர் 2010-ல் சீனக் கடையொன்றிலிருந்து றோலெக்ஸ் என்று ஒரு மணிக்கூட்டைத் தபாலில் வரவழைத்தார். சுங்கம் தடுத்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. சொந்தப் பாவனைக்கு வாங்கியதாயினும் போலியைச் சுங்கம் தடுத்து அழிக்கலாம், நட்டஈடு இல்லை என்று 2014 பெப்ரவரி 6-ல் தீர்ப்பானது. சுவிற்சர்லாந்திலும் 2008 ஜூலை முதல் தனியாள் கொண்டுவரும் போலியைக்கூடப் பறிமுதல் செய்யலாம்.

உண்மையான மணிக்கூட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. முதலைத்தோல் வார் பூட்டியிருந்தால் அருகிவரும் உயிரின வர்த்தக உடன்படிக்கையின் அனுமதிப் பத்திரம் கேட்பார்கள். வாரைக் கழற்றி வைத்துவிட்டு அனுப்புவது புத்தி.

கையோடு கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 2024 ஜனவரியில் மியூனிக் விமான நிலையத்தில் நடிகர் ஆர்னோல்ட் சுவார்செனேகர் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நிறுத்தி வைக்கப்பட்டார். தரும ஏலத்துக்கென்று கொண்டுவந்த மணிக்கூட்டை அவர் பிரகடனம் செய்யவில்லை. வரி கட்டிய பின்புதான் விட்டார்கள். விமானத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வருவோருக்குச் சலுகை 430 யூரோதான்.

இந்தியாவுக்குப் போவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு தங்கத்தோடு மணிக்கூட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கடத்தற்பொருள் என்று நியாயமாக நம்பிப் பிடித்துவிட்டால், அது கடத்தப்பட்டதல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் வைத்திருந்தவரே. 2022 அக்டோபரில் டுபாயிலிருந்து டில்லியில் இறங்கிய ஒரு பயணியிடம் ஏழு மணிக்கூடுகள் பிடிபட்டன. அவற்றில் வைரம் பதித்த ஒன்று மட்டும் 27 கோடி ரூபாவுக்கு மேல் என்று சுங்கம் மதிப்பிட்டது.

“இதை என் மச்சானிடம் கொடுத்துவிடு” என்று எவராவது ஒரு பெட்டியைத் தந்தால், பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். பிடிபடும்போது பெட்டி உங்கள் கையில் இருக்கும், மச்சான் வெளியே நிற்பார்.

வராத பார்சலுக்குக் காசு

“உங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது, உள்ளே தங்கமும் மணிக்கூடும் இருக்கின்றன, சுங்கப் பணம் கட்டுங்கள்” என்று தொலைபேசியிலோ குறுஞ்செய்தியிலோ வந்தால் நம்பாதீர்கள். தபால் நிறுவனத்தின் பெயரில் வரும் போலிச் செய்திகள் பற்றி எமிரேட்ஸ் தபால் சேவையே எச்சரித்திருக்கிறது. தனிநபர் வங்கிக் கணக்கில் காசு போடச் சொல்வது சுங்கத்தின் வழக்கமல்ல. அறிமுகமில்லாத “நண்பர்” அனுப்பிய பரிசு என்றால் பரிசும் இல்லை, நண்பரும் இல்லை.

செய்ய வேண்டியவை

• விலைச்சீட்டு, உத்தரவாத அட்டை, பின்மூடியிலுள்ள தொடர் இலக்கம் ஆகியவற்றின் படங்களை எடுத்து, அனுப்புபவரும் பெறுபவரும் தனித்தனியே வைத்திருங்கள்.

• பெறுமதி அறிவித்துக் காப்புறுதி செய்யுங்கள். மணிக்கூட்டுக்கு அந்தக் காப்புறுதி செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

• கடைப் பெயர் பொறித்த பெட்டியை வெளியே தெரிய விடாதீர்கள். சாதாரண மட்டை, உள்ளே இரட்டைப் பெட்டி.

• பெறும்போது பொதி கிழிந்தோ ஈரமாகவோ இருந்தால், கையொப்பமிடும் முன் அதை எழுதச் சொல்லுங்கள்.

• தபால் விசாரணைக்கு அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதமே தவணை. விமானச் சரக்கில் சேதம் என்றால் பெற்ற 14 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும்.

• களவு என்றால் பொலிசில் தொடர் இலக்கத்தோடு முறைப்பாடு எழுதுங்கள். அந்த இலக்கம் இல்லாவிட்டால் கிடைத்த மணிக்கூடு உங்களுடையது என்று காட்டுவது கடினம். மரடோனாவின் பெயர் பொறித்த மணிக்கூடு டுபாயில் களவு போய், 2021 டிசம்பரில் அசாம் மாநிலத்தில் பொலிசாரால் மீட்கப்பட்டது. எல்லா மணிக்கூட்டிலும் அப்படிப் பெயர் இருப்பதில்லையே.

சில வேளை அனுப்பாமலிருப்பதே நல்லது. தங்கை இருக்கும் ஊரிலேயே பணத்தை அனுப்பி, அங்கே கடையில் அவளே தெரிவு செய்து வாங்கினால் வரியும் தீர்ந்தது, உத்தரவாதமும் அங்கேயே கிடைக்கும். ஆனால் அப்பா கட்டியிருந்த பழைய மணிக்கூடு என்றால் எந்தக் கடையிலும் கிடைக்காது, எந்தக் காப்புறுதியும் அதை ஈடு செய்யாது. அதைத் தபாலில் போட வேண்டாம். குடும்பத்தில் ஒருவர் பயணம் வரும்வரை பொறுத்திருந்து, அவர் கையில் கட்டி அனுப்புங்கள்.

வளைகுடாவில் இருக்கும் உங்கள் உறவுகளுக்கும் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.